சாயப்பட்டறை மாஸ்டர் யாரிடம் உண்மை பேசுவார்?

"நீங்கள் கத்தாமல் கேட்பதால்தான் சார், சாயப்பட்டறையிலிருந்து நம் துணி எப்போதும் இரண்டாவதாக வருகிறது." என்னிடம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் இப்படிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நன்றாக யோசித்துவிட்டு, மரியாதையோடுதான் சொன்னார். சிக்கலே அங்கேதான். கோபத்தில் சொல்லியிருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் மறந்திருப்பேன். மெர்ச்சண்டைசராக, அதாவது ஓர் ஆர்டரை நூலிலிருந்து கப்பல்வரை பின்தொடர்கிற ஆளாக, சேர்ந்து அவருக்கு இது இரண்டாவது வருடம். அந்தக் கட்டத்தில் எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது: திருப்பூரில் வேலை நடக்க வேண்டுமென்றால் தொண்டை வேண்டும். அன்று அவருக்கு "போகப் போகப் புரியும்" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் இல்லாத பெரியவர்கள் வழக்கமாக ஒதுங்கிக்கொள்ளும் இடம் அது. இளவயதில் அந்த வாக்கியத்தைக் கேட்டு எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போகும் வழியில் ஞாபகம் வந்தது. அதனால் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன கணக்கு சரி. கத்துகிறவருக்குத் துணி முதலில் வருகிறது. எப்போதும் இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு வருகிறது. வேலையின் ஆரம்ப வருடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நல்ல குணத்துக்கு உடனே கூலி கிடைத்துவிடுவது போல எழுதுவார்கள். நான் பார்த்த தொழிலில் அப்படி நடப்பதில்லை.

தேதிகளால் ஆன வேலை

நான் சேர்ந்தது 2010-இல். பி.காம். முடித்திருந்தேன். நூலுக்கு முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று ஏன் எண் வைத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. மெர்ச்சண்டைசர் என்றால் என்ன வேலை என்பது என் அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தைப்பதில்லை, விற்பதில்லை, கணக்கும் எழுதுவதில்லை. நாள் முழுக்கப் போனில் பேசிக்கொண்டிருக்கிறான், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவர் புரிந்துகொண்டது பெரும்பாலும் சரிதான். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்து போகிறது. ஆனால் ஒரு சட்டை முழுவதையும் ஒரே கூரையின் கீழ் செய்து முடிக்கும் கம்பெனிகள் குறைவு. நூல் ஓரிடத்தில் வாங்கப்படும், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் வேறிடம், சாயம் வேறிடம், துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் இன்னோரிடம், பிரிண்டிங் மற்றோரிடம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும் நம்மிடம். அதிலும் தையலைப் பாதி நேரம், தன் ஆட்களை வைத்துக் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு படிக்கும் ஒரு முதலாளி, ஒரு மேற்பார்வையாளர், ஒரு போன் நம்பர்.

இத்தனை பேரையும் ஒரு தாளில் கட்டிப்போடுவதுதான் டைம் அண்டு ஆக்‌ஷன் காலண்டர். தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய தேதியைக் கடைசியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவார்கள். புதிதாகச் சேர்ந்தவனின் வேலை அந்தத் தாளின் கட்டங்களை நிரப்புவது. காலையில் வரிசையாகப் போன் போட வேண்டும். நிட்டிங் எப்போது முடியும், துணி எப்போது டையிங்கிலிருந்து, அதாவது சாயப்பட்டறையிலிருந்து, வரும், பிரிண்ட் ஸ்கிரீன் எப்போது தயாராகும். ஆச்சரியம் என்னவென்றால், எல்லோருமே தேதி சொன்னார்கள். ஒருவர்கூட "தெரியாது" என்று சொல்லவில்லை. பதினொரு மணிக்குள் தாள் அழகாக நிரம்பிவிடும். மாலைக்குள் அதில் பாதி பொய்யாகிவிடும். மறுநாள் காலையில் புதுத் தேதிகளோடு மறுபடியும் நிரப்புவேன். இந்த ஊரில் யாருக்கும் நாணயம் இல்லை என்று அறை நண்பனிடம் புலம்பியது ஞாபகம் இருக்கிறது. அவன் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். "நீங்களெல்லாம் கேட்கிற மாதிரிக் கேட்டால் நாங்கள் வேறு என்னதான் சொல்வது?" என்றான். அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் பருத்தி விலை ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த மார்ச்சில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு 2 டாலருக்கு மேல் இருந்தது. அதற்கு முன் காணாத விலை அது. நூல் விலை ஏறினால் ஊர் முழுவதும் சிடுசிடுப்பு ஏறும். லாபம் இல்லாத ஆர்டரைத் தாமதமாகவும் அனுப்பி, அதை விமானத்தில் ஏற்ற வேண்டி வந்தால் கதை முடிந்தது. ஆகவே எல்லோரும் எல்லோரையும் விரட்டினார்கள்.

இரவுப் பணி

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், "துணியோடுதான் வர வேண்டும்" என்று சொல்லி என்னைச் சாயப்பட்டறைக்கு அனுப்பினார்கள். இது அன்று சாதாரணமான ஏற்பாடு. போனில் சொல்லும் தேதியை நம்ப முடியாதபோது ஓர் ஆளை அங்கேயே உட்கார வைத்துவிடுவது. உள்ளே நீராவி, உப்பு, சோடா எல்லாம் கலந்த வாடை. சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களுக்குள் துணி கயிறாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில் பிடிக்கும். உப்பு சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளும், சோடா அதை இழையோடு பிணைக்கும், பிறகு பிடிக்காமல் மிதக்கிற சாயத்தைக் கழுவிக் கழுவி வெளியேற்ற வேண்டும். அடர்நிறமாக இருந்தால் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் மெஷினில் போடும் துணி, ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு ஷிப்ட் முழுக்கப் போய்விடும். இந்த விஷயமெல்லாம் அன்று இரவு மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சும்மா உட்கார்ந்திருக்கிற பையனுக்கு எதையாவது சொல்லுவோம் என்று நினைத்தாரோ என்னவோ.

மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மேசையில் இரண்டு போன். இரண்டும் ஓயவில்லை. ஒரு கம்பெனிக்காரர் கத்துவது போனிலிருந்து எனக்கே கேட்டது. மாஸ்டர் நிதானமாக, "டிரையரில் ஓடிக்கொண்டிருக்கிறது, காலையில் வண்டி ஏற்றிவிடுவேன்" என்றார். அந்தத் துணி என் கண்முன்னால், சாயமே காணாமல், டிராலியில் கிரே துணியாகக் கிடந்தது. அடுத்தவருக்கும் அதே பதில். அதற்கடுத்தவருக்குத் துணி 'காம்பாக்டிங் போய்விட்டது'. இவ்வளவு சரளமான பொய்யை நான் அதற்கு முன் அருகிலிருந்து கேட்டதில்லை. என் காலண்டரின் கட்டங்கள் எப்படி நிரம்பின என்பதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேல் ஓர் அழைப்பு வந்தது. மாஸ்டரின் குரல் மாறியது. "அண்ணா, உங்கள் லாட் இன்னும் ஏறவில்லை. நாளைக்கும் சந்தேகம்தான். ஒரு நேவி ஷேட் வராமல் மறுபடியும் ஏற்றியிருக்கிறேன்" என்றார். அந்தப் பக்கம் கத்தவில்லை. ஏதோ கேட்டார்கள், இவர் பதில் சொன்னார், இன்னொன்று கேட்டார்கள். கடைசியில், "அப்படியென்றால் பேபி பிங்க்கை முதலில் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். யார் என்று கேட்டேன். இன்னொரு கம்பெனியில் துணி பார்த்துக்கொள்கிற வயதான மனிதர். அவரிடம் மட்டும் ஏன் உள்ளதைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாஸ்டர் சொன்னது இதுதான்: "அவரிடம் இல்லை என்று சொன்னால், சரி, எது ஆகும் என்று கேட்பார். மற்றவர்களிடம் இல்லை என்று சொன்னால் என் அம்மாவை இழுப்பார்கள், தம்பி."

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விகளை மாஸ்டர் எனக்கு மறுபடியும் சொல்லிக் காட்டினார். எந்த மெஷினில் என்ன நிறம் ஓடுகிறது, அதற்குப் பின்னால் எது காத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார். நேவி, கறுப்பு ஓடிய மெஷினில் உடனே வெளிர்நிறத்தை ஏற்ற முடியாது. கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும், அதற்குத் தனி நேரம் போகும். ஆனால் அடுத்த மெஷினில் வேறு யாருடைய வெளிர்நிறமோ முடிந்து இறங்கப் போகிறது. அதில் அவருடைய பேபி பிங்க் ஏறலாம். அவர் தன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரை அழைத்து, நாளை நேவியை வெட்ட வேண்டாம், பிங்க் வரும் என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதான். பொய் சொன்னால் அந்த மனிதரால் எதையும் மாற்ற முடியாது. உண்மை சொன்னால் அவரால் ஒரு நாளைக் காப்பாற்ற முடியும். மாஸ்டருக்கு அது தெரியும். தன்னுடைய உண்மை வீணாகாத இடத்தில் மட்டும் அவர் அதைச் செலவழித்தார்.

அன்று இரவு நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலில் கத்திய கம்பெனியின் துணிதான் அடுத்து மெஷினில் ஏறியது. பட்டறை முதலாளி நேரில் வந்து ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். பெரியவரின் பிங்க் அதற்குப் பிறகு.

தொண்டைக்குப் பின்னால் இருப்பது

அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு பல வருடம் யோசித்திருக்கிறேன். கத்தியவர் ஏன் ஜெயித்தார்? தொண்டையால் இல்லை. அவருடைய கம்பெனி அந்தப் பட்டறைக்கு மாதம் கொடுக்கும் துணியின் எடையால். டன் கணக்கில் வேலை கொடுக்கிறவர் கத்தினாலும், மெதுவாகச் சொன்னாலும், ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலும் துணி முதலில் ஏறும். எங்களைப் போன்ற சிறிய கம்பெனியின் இளநிலை ஊழியன் அதே தொனியில் கத்தினால் கிடைப்பது "டிரையரில் ஓடுகிறது" மட்டுமே. இளைஞர்கள் பெரிய கம்பெனி ஆட்களின் குரலைப் பார்த்துப் பழகுகிறார்கள். அதன் பின்னால் இருக்கும் எடை அவர்கள் கண்ணில் படுவதில்லை. என்னிடம் கேட்ட அந்த இளைஞருக்கு இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். கத்துகிறவருக்குத் துணி கிடைக்கலாம், தகவல் கிடைக்காது. ஒரு நாளைக்கு ஒரே ஓர் ஆர்டர், ஒரே ஒரு நிறம் என்றால் துணி போதும். ஒரே நேரத்தில் பல ஆர்டர்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நிறங்கள் என்று ஓடும்போது, எது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாதவன் நாள் முழுவதும் தவறான இடத்தில் கத்திக்கொண்டிருப்பான்.

அந்த இரவுக்குப் பிறகு கேள்விகளை மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன். ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரிக் கேட்க வேண்டியிருந்தது. தையல் சூப்பர்வைசரிடம் "இன்று எத்தனை பீஸ்?" என்று கேட்டால் பெரிய எண்ணாகத்தான் சொல்வார். அந்த எண்ணில் தான் அவருடைய மானம் இருக்கிறது. நேராகச் செக்கிங் மேசைக்குப் போய், பார்த்து முடித்து அடுக்கியது எவ்வளவு, ஆல்டருக்கு, அதாவது பிழை திருத்தத்துக்கு, திரும்பியது எவ்வளவு என்று அங்கிருக்கும் பெண்களிடம் கேட்டால் வேறொரு எண் வரும். கப்பல் ஏறப் போவது அந்த இரண்டாவது எண். தையல்காரர்களுக்குக் கையுதவியாகக் கைமடி வேலை செய்யும் பெண்களுக்கு எந்த லைனில் எந்த மெஷின் காலையிலிருந்து மக்கர் செய்கிறது என்பது சூப்பர்வைசருக்கு முன்னால் தெரிந்திருக்கும். அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, ஆகவே அவர்களுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பவர் டேபிள் கான்ட்ராக்டரிடம் தீபாவளி முடிந்து "ஆட்கள் எப்போது வருவார்கள்?" என்று கேட்டால் "திங்கட்கிழமை" என்பார். எந்தத் திங்கள் என்பதைச் சொல்ல மாட்டார். மாறாக, யார் யார் எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்தால் தேனி, திண்டுக்கல், சிவகங்கை என்று வரிசையாகச் சொல்வார்; ஒடிசாக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குத் திரும்பும் ரயிலில் டிக்கெட் உறுதியாகியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அதிலிருந்து எத்தனை மெஷின் என்றைக்கு ஓடும் என்று நானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவரும் பொய் சொன்ன பாவத்திலிருந்து தப்பித்துவிடுவார். கட்டிங் மாஸ்டரிடம் "துணி வந்துவிட்டதே, ஏன் இன்னும் வெட்டவில்லை?" என்று கேட்காமல், எத்தனை மணி நேரம் விரித்துப் போட்டிருக்கிறார் என்று கேட்கப் பழகினேன். காம்பாக்டிங்கிலிருந்து இறங்கிய பின்னல் துணியை இழுப்பு தளரும்வரை ஆற விட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய பிறகு அது சுருங்கி, தைத்த சட்டை அளவு குறைந்துவிடும். அது தெரிந்தவன் கேட்கிறான் என்று அவருக்குப் புரிந்ததும், "ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெட்டலாம்" என்று உள்ளதைச் சொன்னார்.

இப்படிக் கேட்டால் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படிக் கேட்டாலும் பொய் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே தன் கடமை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் முன்னவர்களைவிட ஆபத்தானவர்கள்.

2011 ஜனவரி

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யும்வரை ஓடக் கூடாது. அந்த உத்தரவை ஊரில் எல்லோரும் இடியாக வர்ணித்தார்கள். திடீரென்று விழுந்த இடி இல்லை அது. 2006-லேயே நீதிமன்றம் கெடு வைத்திருந்தது. கெடு நீண்டது, மறுபடியும் நீண்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாய நீரால் கிணறும் நிலமும் கெட்டுப்போன நொய்யல் கரை விவசாயிகளுக்கும் இந்த ஊர் வருடக்கணக்காகத் தேதி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. என் காலண்டரின் கட்டங்களை நிரப்பிய அதே பழக்கம், இன்னும் பெரிய தாளில்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப முடியவில்லை. பட்டறைகள் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலான கம்பெனிகள் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர்களுக்கு "சிறிய தடங்கல், சமாளித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற வகையில் மெயில் அனுப்பின. எங்கள் பிரிவின் சீனியராக இருந்த அக்கா அப்படி அனுப்பவில்லை. என்னைக் குடோனுக்கு அனுப்பி ஒவ்வொரு நிறத்திலும் சாயம் முடிந்து, காம்பாக்டிங் முடிந்து, வெட்டத் தயாராக இருக்கும் துணி எத்தனை கிலோ என்று எடை போடச் சொன்னார். பட்டறைக்குள் மாட்டிக்கொண்டது எவ்வளவு, கிரேயாகவே நிற்பது எவ்வளவு என்று தனியாக எழுதச் சொன்னார். மெயிலில் தேதியே இல்லை. கிலோ மட்டும் இருந்தது, அந்தக் கிலோவில் எத்தனை சட்டை வரும் என்ற கணக்கு இருந்தது. எந்த நிறத்தை எடுத்துக்கொள்கிறீர்கள், எதைத் தள்ளிப்போடலாம், எதை ரத்து செய்யலாம் என்று அவர்களையே கேட்டிருந்தார். பையர் இருந்த ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் அந்தப் பருவத்தில் நமக்குப் பகல் ஒன்றரை. அவர்கள் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நம் மெயில் மேலே இருக்க வேண்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்து, ஒரு மணிக்கு அனுப்பினார்.

முதலாளிக்குத் தெரிந்ததும் பெரிய சத்தம். யாரைக் கேட்டு ரத்து என்ற வார்த்தையை எழுதினாய், அவனாகக் கேட்காததை நீயாக ஏன் எடுத்துக் கொடுக்கிறாய் என்று. அக்கா அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. எடை போட்ட தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். பையர் இரண்டு நிறங்களை ரத்து செய்தார், மற்றவற்றுக்கு அவகாசம் கொடுத்தார். ரத்தான நிறங்களுக்கு வாங்கிய நூல் தேங்கியது, நஷ்டம்தான். விமானத்தில் எதையும் ஏற்ற வேண்டி வரவில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்தால் லாபமா நஷ்டமா என்று அந்த வருடம் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் இரண்டு காலண்டர்கள் வந்தன: பையருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எங்களுடையதில் தேதிக்குப் பக்கத்தில் அதை யார் சொன்னார்கள், எந்தக் கேள்விக்குச் சொன்னார்கள் என்று எழுதுவது என் வேலை. பின்னாளில் வேறு கம்பெனிகளுக்கு மாறியபோதும் யார் சொன்னார்கள் என்று எழுதும் அந்த வரிசையை மட்டும் கூடவே எடுத்துப் போனேன்.

நான் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த அந்தச் சாயப்பட்டறை பிறகு திறக்கவே இல்லை. சுத்திகரிப்புச் செலவு அதன் முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. மாஸ்டர் வேறு ஊரில் ஒரு பெரிய டையிங்கில் சேர்ந்துவிட்டார். எங்களுக்கும் அவருக்கும் தொழில் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன். சில வருடங்களுக்கு முன் டர்க்காய்ஸ் நிறத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. விலையும் மிகவும் நெருக்கம். அந்த நிறத்தின் சாயம் எளிதில் துணிக்குள் போகாது, கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கும் என்று எனக்கே ஓரளவு தெரியும். எந்த டையிங்கைக் கேட்டாலும் "செய்துவிடலாம்" என்றார்கள். மாஸ்டரை அழைத்து, இந்த விலையில் இந்த நிறத்துக்கு எத்தனை முறை கழுவ முடியும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, "இந்த விலைக்கு முடியாது தம்பி. எடுக்க வேண்டாம்" என்றார். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஊரில் எல்லோரும் முடியும் என்கிறார்களே, முடியாது என்று யார் சொன்னது என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அப்படியென்றால் விட்டுவிடு" என்றார்.